பாஸ் மேனிஃபோல்டு போட்டால் மஸ்டாங் வேகமாகுமா?

கேள்வி: வணக்கம் சார். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். 2013 மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறேன். 5.0 வி8, ஆறு கியர் மேனுவல், பின் அச்சு 3.31. வாரம் முழுக்க சான் ஹோசேயில் ஆபீஸ் போய்வர இதே வண்டிதான். வருஷத்துக்கு நாலைந்து முறை லகூனா செக்காவிலோ தண்டர்ஹில்லிலோ டிராக் ஓட்டுவேன். எஞ்சினில் இதுவரை கை வைத்ததில்லை. இப்போது ஒருவர் பாஸ் 302 மஸ்டாங்கின் இன்டேக் மேனிஃபோல்டை நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். "மாட்டினால் 20, 30 ஹார்ஸ்பவர் கூடும்" என்கிறார் ஒரு நண்பர். "கீழே இழுவை செத்துப்போகும், தொடாதே" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? டியூன் கட்டாயமா? இதை மாட்டினால் என் வண்டி பாஸ் மாதிரி ஓடுமா?

பதில்:

வணக்கம். நண்பர்கள் இருவரும் ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். மேலே, அதாவது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, பவர் கூடும் என்பது உண்மை. கீழே, மெதுவாகச் சுற்றும்போது, இழுவை குறையும் என்பதும் உண்மை. எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது, நீங்கள் ஓட்டும்போது எஞ்சின் பெரும்பாலும் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். நான் பார்த்தவரை, 3.31 அச்சும் (கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.31 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்) 7000 ஆர்பிஎம்மோடு நிற்கும் எஞ்சினும் உள்ள உங்கள் வண்டிக்கு இப்போது அந்த மேனிஃபோல்டு வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாளைக்கு வேறொரு மேனிஃபோல்டு மலிவாக வரும். அப்போது இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஃபோர்டே வெளியிட்ட எண்களைப் பாருங்கள். உங்கள் 2013 ஜிடி 6500 ஆர்பிஎம்மில் 420 ஹார்ஸ்பவர் தருகிறது. டார்க் (சுழற்றும் விசை) 4250-இல் 390 பவுண்டு-அடி. அதே காலத்து பாஸ் 302 காரோ 7400 ஆர்பிஎம்மில் 444 ஹார்ஸ்பவர் தருகிறது, டார்க் 4500-இல் 380 பவுண்டு-அடி. இரண்டும் அடிப்படையில் ஒரே கொயோட்டி எஞ்சின்தான். 92.2 மி.மீ. போர், 92.7 மி.மீ. ஸ்ட்ரோக், 11.0-க்கு 1 கம்ப்ரஷன். பாஸில் ஹெட்டின் போர்ட்டுகளை மெஷினில் கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள், கேமும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) வேறு. அவ்வளவு செய்தும் உச்ச டார்க் பத்து பவுண்டு-அடி குறைந்திருக்கிறது. பவர் மட்டும் 24 ஏறியிருக்கிறது. மேனிஃபோல்டு என்ன செய்யும் என்பதற்கான விடையில் பாதி இந்த எண்களிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இந்த மேனிஃபோல்டின் குழாய்களுக்குள் காற்று எப்படிப் போகிறது என்பதில் இருக்கிறது. த்ராட்டில் பாடி (நீங்கள் மிதித்தால் திறக்கும் காற்று வாய்) வழியாக வரும் காற்று முதலில் பிளீனம் என்ற பெரிய அறைக்குள் போகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ரன்னர் குழாய். இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் கீழே இறங்கும்போது, வால்வுப் பக்கம் அழுத்தம் சட்டென்று குறைகிறது. அந்தக் குறைவு ஓர் அலையாக ரன்னருக்குள் ஒலியின் வேகத்தில் மேலே ஓடி, பிளீனத்தின் வாயை எட்டுகிறது. திறந்த வாயில் பட்டதும் அலை தலைகீழாகத் திரும்புகிறது. குறைவழுத்தமாகப் போனது கூடுதல் அழுத்தமாக வால்வை நோக்கி வருகிறது. வால்வு மூடப் போகும் கடைசி நேரத்தில் அது வந்து சேர்ந்தால், பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்கும். ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரிதான், தள்ளு சரியான நேரத்தில் விழ வேண்டும். அலை சீக்கிரம் வந்தாலும் பயனில்லை, தாமதமாக வந்தாலும் பயனில்லை.

இதில் அலையின் வேகம் ஏறக்குறைய மாறாதது. பானெட்டுக்கு அடியில் இருக்கும் சூடான காற்றில் விநாடிக்கு சுமார் 350 மீட்டர். எஞ்சினின் வேகமோ மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கணக்கு போடுவோம். வால்விலிருந்து பிளீனம் வரை பாதை 45 செ.மீ. என்று வையுங்கள் (உங்கள் வண்டியின் அளவு இதுதான் என்று சொல்லவில்லை, கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்). போய்வர 90 செ.மீ., அதற்கு 2.6 மில்லிவிநாடி ஆகும். 4000 ஆர்பிஎம்மில் அந்த நேரத்தில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுமார் 62 டிகிரி சுழலும். 7000-இல் 108 டிகிரி சுழன்றுவிடும். இப்போது பாதையை 30 செ.மீ. ஆக்குங்கள். அதே 62 டிகிரியை எட்ட எஞ்சின் 6000-க்குப் போக வேண்டும். 4000-இல் 41 டிகிரிதான் ஆகியிருக்கும், அலை முன்கூட்டியே வந்து வீணாகிவிடும். உண்மையில் அலை ஒரு முறை போய்வந்து நின்றுவிடுவதில்லை, பல முறை அலைபாயும். அதனால்தான் டார்க் வளைவில் ஒரே மேடு இல்லாமல் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களும் இருக்கும். ஆனால் நீளமான ரன்னர் கீழே உதவும், குட்டையான ரன்னர் மேலே உதவும் என்ற அடிப்படை மாறாது.

ஜிடியின் மேனிஃபோல்டில் ரன்னர்கள் நீளமாக வளைந்து போகும். பாஸ் மேனிஃபோல்டில் குட்டையாக, நேராக, பிளீனத்துக்குள் புனல்வாயுடன் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எது எந்த ஆர்பிஎம்முக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1960-ஆம் வருடத்து கிறைஸ்லர் 300எஃப். 413 கன அங்குல வி8. ரன்னர்கள் 30 அங்குலம் நீளம், எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குறுக்கே பாய்ந்து போகும். அந்த எஞ்சின் 375 ஹார்ஸ்பவரும், வெறும் 2800 ஆர்பிஎம்மிலேயே 495 பவுண்டு-அடி டார்க்கும் தந்தது. அதே வருடம் ஆர்டர் செய்தால் கிடைத்த இன்னொரு எஞ்சினில், வெளியிலிருந்து பார்த்தால் அதே குழாய்கள்தான். உள்ளே மட்டும் பக்கத்துப் பக்கத்து ரன்னர்களுக்கு இடையிலிருந்த சுவரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அலைக்கு ரன்னர் 15 அங்குலத்திலேயே முடிந்துவிட்டது. வேறு சில மாற்றங்களும் சேர்ந்து பவர் 400 ஆனது. டார்க் 465-ஆகக் குறைந்தது, அதன் உச்சமும் 3600-க்கு நகர்ந்தது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இயற்பியல் மாறவில்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும். இரண்டும் வேண்டும் என்றால் ரன்னரின் நீளமே ஓடும்போது மாற வேண்டும். 1991-இல் லே மான்ஸ் ஜெயித்த மாஸ்டா 787பி காரின் ரோட்டரி எஞ்சினில் அப்படித்தான், குழாய்கள் ஆர்பிஎம்முக்கு ஏற்ப நீண்டு சுருங்கும்.

இனி அந்த "20, 30 ஹார்ஸ்பவர்" பேச்சுக்கு வருவோம். பவர் என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5252-ஆல் வகுத்து வருவது. 3500 ஆர்பிஎம்மில் 15 பவுண்டு-அடி இழந்தால் டைனோ (பவரை அளக்கும் இயந்திரம்) தரும் காகிதத்தில் 10 ஹார்ஸ்பவர்தான் குறையும். 7000-இல் அதே 15 பவுண்டு-அடி கூடினால் 20 ஹார்ஸ்பவர் கூடும். கொடுத்ததும் வாங்கியதும் ஒரே அளவு டார்க்தான். ஆனால் உச்ச பவரை மட்டும் பார்ப்பவருக்கு லாபம் பெரிதாகவும் நஷ்டம் சிறிதாகவும் தெரியும். விற்பவர்கள் எப்போதும் உச்சத்தைத்தான் சொல்வார்கள். நீங்கள் முழு வளைவையும் கேளுங்கள்.

பாஸின் 444 எப்படி வந்தது என்று இதே கணக்கில் பாருங்கள். 7400-இல் 444 என்றால் அங்கே டார்க் 315 பவுண்டு-அடி. உங்கள் ஜிடி 6500-இல் 420 தரும்போது டார்க் 339. அதாவது பாஸ் தன் உச்ச பவரில் இருக்கும்போது உங்கள் வண்டியைவிடக் குறைந்த டார்க்தான் தருகிறது. அதை இன்னும் 900 ஆர்பிஎம் மேலே வரை விழாமல் தாங்கிப் பிடிப்பதால் பவர் ஏறுகிறது. அங்கே போக பாஸுக்கு அனுமதி இருக்கிறது, அதன் ரெட்லைன் (எஞ்சின் சுற்றக்கூடிய உச்ச வரம்பு) 7500. உங்கள் ஜிடி 7000-இல் நின்றுவிடும். பாஸ் மேனிஃபோல்டு அதிகமாக உழைக்கும் இடம் 6500-இலிருந்து 7500 வரை. அந்த ஆயிரத்தில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும்.

"லிமிட்டரை (எஞ்சினை ரெட்லைனுக்கு மேல் சுற்றவிடாமல் தடுப்பது) ஏற்றிக்கொள்ளலாமே" என்று யாராவது சொல்வார்கள். ஏற்றலாம், ஆனால் பாஸின் ரெட்லைன் மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றி வந்ததில்லை. ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்கள், வலுப்படுத்திய கனெக்டிங் ராடுகள், சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வுகள் என்று உள்ளுக்குள் நிறைய மாற்றினார்கள். உங்கள் எஞ்சினில் ஆயில் பம்ப்பின் பற்சக்கரங்கள் உலோகத் தூளை அழுத்திச் செய்தவை. அதிக ஆர்பிஎம்மில் லிமிட்டரில் திரும்பத் திரும்ப மோதவிட்டு ஓட்டிய கொயோட்டி எஞ்சின்களில் அவை உடைவது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உடைந்தால் ஆயில் அழுத்தம் போகும், பின்னாலேயே எஞ்சினும் போகும். டிராக்கில் கியர் மாற்ற ஒரு கணம் தாமதித்தால் லிமிட்டரில் மோதத்தான் செய்யும். அந்தச் சக்கரங்களை மாற்றாமல் ரெட்லைனை ஏற்ற நான் யாருக்கும் சம்மதம் சொல்வதில்லை.

சரி, இப்போது கியர்பாக்ஸ். மேனிஃபோல்டு பற்றிப் பேசும்போது பலர் இதைத் தொடுவதே இல்லை, எனக்கு இதுதான் முக்கியம். உங்கள் கியர்கள் 3.66, 2.43, 1.69, 1.32, 1.00, 0.65. 7000-இல் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் எஞ்சின் சுமார் 4650-க்கு இறங்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 4870. மூன்றிலிருந்து நான்குக்கு 5470. ஆகவே நேர்க்கோட்டில் முழு த்ராட்டிலில் ஓடும் வண்டிக்கு, கிளம்பிய பிறகு 4600-க்குக் கீழே என்ன நடக்கிறது என்பது ஒரு பொருட்டே கிடையாது. கால் மைல் நேர்க்கோட்டு ரேஸ் ஆட்கள் பாஸ் மேனிஃபோல்டையோ அதையும் தாண்டிய கோப்ரா ஜெட் மேனிஃபோல்டையோ மாட்டி நேரத்தைக் குறைக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். அவர்கள் இழந்த டார்க் அவர்கள் போகவே போகாத இடத்தில் இருக்கிறது.

நீங்கள் போகிற இடம் வேறு. 3.31 அச்சோடு, 19 அங்குலச் சக்கரத்தில், ஆறாவது கியரில் மணிக்கு 68 மைல் போகும்போது எஞ்சின் 1800-ஐ ஒட்டித்தான் சுற்றும். 880 ஃப்ரீவேயில் காலை நெரிசலில் 1200 ஆர்பிஎம்முக்கும் 2500-க்கும் நடுவிலேயே வாழ்க்கை போய்விடும். இங்கே இரண்டாவது நண்பருக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கீழே இழுவை "செத்துப்போகும்" என்பது மிகை. அன்றாட ஓட்டத்தில் நீங்கள் த்ராட்டிலைக் கொஞ்சம்தான் திறக்கிறீர்கள். ரன்னர் எப்படி இருந்தாலும் காற்றை அப்போது தடுப்பது த்ராட்டில் தகடுதான். குறைந்ததை ஈடுகட்ட பாதம் இன்னும் சிறிது அழுந்தும், அவ்வளவே. காணாமல் போவது கையிருப்புதான். லாரியைக் கடக்க ஐந்தாவது கியரிலேயே அழுத்தினால் முன்பு சட்டென்று எழுந்த வண்டி, இப்போது ஒரு கியர் இறக்கச் சொல்லும். 5 லிட்டர் வி8 வாங்கியவர்களில் பலர் அந்தச் சோம்பலான இழுவைக்காகவே வாங்கினார்கள். நீங்கள் அந்த ரகமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டிராக்கில் என்ன ஆகும்? லகூனா செக்காவின் பதினொன்றாவது திருப்பத்தை எடுத்துக்கொள்வோம், மிக மெதுவான இடம். சுமார் 45 மைல் வேகத்தில் வெளியே வருகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் அச்சு விகிதத்தில் மூன்றாவது கியரில் எஞ்சின் 3100-இல் இருக்கும், இரண்டாவதில் 4500. டிராக் டே ஓட்டுநர்கள் பலர் அங்கே மூன்றாவதிலேயே வருவார்கள், ஒரு கியர் மாற்றம் மிச்சம், பின் சக்கரமும் அமைதியாக இருக்கும். ஸ்டாக் (தொழிற்சாலையிலிருந்து வந்த) மேனிஃபோல்டு அந்தச் சோம்பலை மன்னிக்கும். பாஸ் மேனிஃபோல்டு மன்னிக்காது. 3100-இலிருந்து 5000 வரை வண்டி முன்பைவிடத் தாமதமாக ஏறும், அப்புறம் பெரிய நேர்க்கோடு முழுவதும் அந்தத் தாமதத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டும். இரண்டாவது கியருக்கு இறங்கி ஓட்டப் பழகினால் லாபம் உண்டு. ஆனால் 3.31 அச்சில் இரண்டாவது கியர் 70 மைல் வரை நீளும், மூன்றாவது 100 மைல் வரை. கியர்கள் இப்படி நீண்டிருக்கும்போது எஞ்சின் 6500-க்கு மேலே இருக்கும் நேரம் ஒரு சுற்றில் கொஞ்சம்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாட்டிய அன்று உங்களுக்கு வண்டி மிக வேகமாகிவிட்டது போலத் தோன்றும். கீழே இழுவை குறைந்து மேலே கூடும்போது, 5500 தாண்டியதும் வண்டி பாய்வது போன்ற உணர்வு வரும். முதுகு பெரிதாக உணர்வது அந்த மாற்றத்தைத்தான். தட்டையாக, சீராக இழுக்கும் எஞ்சின் உண்மையில் வேகமாக இருந்தாலும் மந்தமாகத் தோன்றும். அதனால் முதுகை நம்பாதீர்கள். லேப் டைமர் இருக்கிறது, 3000-இலிருந்து 7000 வரை மூன்றாவது கியரில் எவ்வளவு நேரம் ஆகிறது என்ற பதிவை எடுக்க முடியும். முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள்.

டியூன், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது, கட்டாயமா என்று கேட்டீர்கள். கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஞ்சினில் நான்கு கேம் ஷாஃப்டுகளின் நேரத்தையும் கணினி ஓடும்போதே மாற்றுகிறது. எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு சுமையில், இன்டேக் வால்வு எப்போது மூட வேண்டும் என்ற அட்டவணை முழுக்க ஸ்டாக் ரன்னரின் அலை எப்போது திரும்பும் என்பதை வைத்து எழுதப்பட்டது. ரன்னரைக் குட்டையாக்கினால் அலை வரும் நேரம் மாறுகிறது, அட்டவணை பழைய நேரத்துக்கே வால்வை மூடிக்கொண்டிருக்கிறது. மேலே கிடைக்க வேண்டியதும் முழுதாகக் கிடைக்காது, கீழே இழப்பதும் தேவைக்கு மேல் இருக்கும். அதோடு, இந்தக் கணினி காற்றின் அளவிலிருந்து எஞ்சின் எவ்வளவு டார்க் தருகிறது என்று தனக்குள் கணக்குப் போட்டு, நீங்கள் மிதித்து கேட்ட டார்க்குடன் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் பொருந்தாமல் போனால் த்ராட்டிலை அதுவாகவே மூடும். "மேனிஃபோல்டு போட்டேன், முழுசாக மிதித்தாலும் நடுவில் இழுவை விட்டு விட்டு வருகிறது" என்று சொல்லி வருபவர்களின் வண்டியில் பதிவைத் திறந்து பார்த்தால், பாதம் முழுதாக அழுந்தியிருக்கும், த்ராட்டில் பாதியில் நிற்கும்.

ஆனால் நீங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள், இங்கேதான் சிக்கல். 2021 ஜூலை 19 முதல் ஸ்மாக் செக்கில் (மாநிலத்தின் புகைப் பரிசோதனை) எஞ்சின் கணினியின் மென்பொருளையும் பார்க்கிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்ததாகவோ, மாநிலக் காற்று வள வாரியம் அனுமதித்ததாகவோ இல்லாத மென்பொருள் இருந்தால் வண்டி தேறாது. மேனிஃபோல்டுக்கும் அந்த வாரியத்தின் இ.ஓ. எண் (அனுமதி உத்தரவின் எண்) வேண்டும். "இதுவும் ஃபோர்டு பாகம்தானே" என்று நினைக்க வேண்டாம். உங்கள் காருக்கு அது ஸ்டாக் பாகம் ஆகாது. வாங்கும் முன் வாரியத்தின் இணையதளத்தில் பாகத்தின் எண்ணைப் போட்டு, உங்கள் மாடல் வருடத்துக்கும் கூட வரும் டியூனுக்கும் சேர்த்து அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்மாக்குக்கு முன்னால் ஸ்டாக்குக்கு மாற்றி, அப்புறம் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தினமும் ஆபீஸ் போகும் வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம். சட்டத்துக்கும் அது ஒத்துவராது.

"பாஸ் மாதிரி ஓடுமா" என்ற கேள்விக்கு இப்போது நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். ஓடாது. ஹெட், கேம், பிஸ்டன், ரெட்லைன், அதோடு சஸ்பென்ஷன் வரை எல்லாமும் சேர்ந்ததுதான் பாஸ். ஃபோர்டே பின்னாளில் மேனிஃபோல்டை மாற்றிப் பவர் கூட்டிய காரும் உண்டு, 2019 புல்லிட் மஸ்டாங். அந்த வருடத்து ஜிடி எஞ்சினில் ஜிடி350 என்ற இன்னொரு மஸ்டாங்கின் மேனிஃபோல்டையும் 87 மி.மீ. த்ராட்டில் பாடியையும் மாட்டி, காற்று உள்ளே வரும் பாதையையும் மென்பொருளையும் மாற்றினார்கள். 460 ஹார்ஸ்பவர் 480 ஆனது. டார்க் 420-இலேயே நின்றது. தொழிற்சாலையே, தன் பொறியாளர்களை வைத்து, எல்லாவற்றையும் பொருத்தமாகச் செய்து எடுத்தது 20 ஹார்ஸ்பவர். கராஜில் ஒரு சனிக்கிழமை மாட்டி 30 வரும் என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அப்படியானால் அந்தப் பணத்தை என்ன செய்யலாம்? நானாக இருந்தால் பின் அச்சை 3.73 ஆக்குவேன். 3.73-ஐ 3.31-ஆல் வகுத்தால் 1.127. ஒவ்வொரு கியரிலும், ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும், சக்கரத்துக்குப் போகும் டார்க் 12.7 சதவீதம் கூடும். எந்த மேனிஃபோல்டும் இதைத் தராது. லகூனா செக்காவின் அந்தத் திருப்பத்திலிருந்து மூன்றாவது கியரில் 3100-க்குப் பதிலாக 3500-இல் வெளியே வருவீர்கள். விலையும் இருக்கிறது. ஃப்ரீவேயில் 1800 இருந்த இடத்தில் 2050 சுற்றும், பெட்ரோல் கொஞ்சம் கூடும். இரண்டாவது கியர் 62 மைலிலேயே முடிந்துவிடும். அச்சு வேலையை அனுபவமுள்ளவரிடம் மட்டும் கொடுங்கள், பற்களின் இடைவெளி சரியாக அமையாவிட்டால் வாழ்நாள் முழுக்க ஊளையிடும். ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்ட அச்சு விகிதத்தைக் கணினியில் மாற்ற வேண்டும். அதை டீலரிடமே செய்துகொள்ள முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்துக்குப் பிறகு பாஸ் மேனிஃபோல்டு பற்றி மறுபடி யோசிக்கலாம். கியர்கள் குறுகியதும் எஞ்சின் மேலே இருக்கும் நேரம் கூடும், மேனிஃபோல்டின் லாபமும் கூடும். வரிசை முக்கியம், முதலில் அச்சு.

மேனிஃபோல்டுதான் வேண்டும் என்று மனம் நின்றால், 2018-க்குப் பிந்தைய ஜிடியின் மேனிஃபோல்டைப் பாருங்கள். உங்கள் தலைமுறை எஞ்சினில் அதை மாட்டுபவர்கள் நிறைய. நடுவில் அதிகம் இழக்காமல் மேலே கொஞ்சம் தரும், தெருவில் ஓடும் வண்டிக்குப் பொருத்தம். அதில் ரன்னர்களுக்குள் சின்னத் தகடுகள் இருக்கும், காற்றைச் சுழலவிடுவதற்காக. உங்கள் கணினிக்கு அவற்றை இயக்கத் தெரியாது. அவற்றைத் திறந்த நிலையில் பூட்டிவைக்கும் பாகம் தனியாக வாங்க வேண்டும். டியூனும் இ.ஓ. எண்ணும் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். ஜிடி350 மேனிஃபோல்டு உங்களுக்கு வேண்டாம். அது 8250 வரை சுற்றும் 5.2 லிட்டர் எஞ்சினுக்காகப் பிறந்தது, அதன் வாய்க்கு உங்கள் 80 மி.மீ. த்ராட்டில் பாடியும் பத்தாது.

எதை மாட்டினாலும் டைனோவில் முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே திருத்த முறையில், ஐந்தாவது கியரில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கியர்பாக்ஸில் ஐந்தாவதுதான் 1.00. இரண்டு வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 3000-இலிருந்து 7000 வரை எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள். வெட்டும் இடம் 5500-க்கு மேலே இருந்தால், 3.31 அச்சில் அது உங்களுக்கு நஷ்டம். பெட்ரோலும் நினைவில் இருக்கட்டும். இங்கே பெட்ரோல் பங்கில் கிடைப்பது 91 ஆக்டேன். 93 கிடைக்கும் மாநிலத்தில் எடுத்த டைனோ காகிதத்தை உங்கள் வண்டிக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

கழற்றி மாட்டும் வேலை பெரிதில்லை, கவனம்தான் வேண்டும். எரிபொருள் அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ரெயிலைத் தொட வேண்டும். பழைய மேனிஃபோல்டு வெளியே வந்த அந்த நொடியே எட்டு போர்ட்டுகளையும் டேப் போட்டு மூடுங்கள். ஒரு சின்ன ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். கேஸ்கெட்டுகள் புதியவைதான் வேண்டும், பழையதைத் துடைத்துப் போட வேண்டாம். பிளாஸ்டிக் மேனிஃபோல்டு என்பதால் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்குங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்ட்ரட் பார், பானெட்டின் அடிப்பக்கம் மூன்றிலும் இடிக்கிறதா என்று முதலில் வெறுமனே வைத்துப் பாருங்கள். மாட்டியபின் ஐடிலிங் ஏறி இறங்கினாலோ பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகள் வந்தாலோ எங்கோ காற்று கசிகிறது. ஸ்மோக் டெஸ்ட் (உள்ளே புகை விட்டு எங்கே வெளியேறுகிறது என்று பார்ப்பது) செய்து கண்டுபிடித்துவிட்டுத்தான் டியூனருக்குப் பதிவு அனுப்ப வேண்டும். கசிவை வைத்துக்கொண்டு செய்த டியூன் எதற்கும் உதவாது.

விற்பவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்த மேனிஃபோல்டு எந்த வண்டியிலிருந்து வந்தது, ஏன் கழற்றினார். 2011-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட ஜிடியில் மாட்டி ஓட்டிவிட்டுக் கழற்றியவர் என்றால், அச்சு விகிதம் என்ன என்றும் கேளுங்கள். அவரிடம் டைனோ காகிதம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.